வெளிநாடு போகிறவர் கையில் எந்தப் போன்? கந்தப்பளையிலிருந்து சில குறிப்புகள்

கந்தப்பளை டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே அப்போது ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. போட்டோ கொப்பி எடுப்பார்கள், வெளியூருக்குக் கோல் எடுத்துத் தருவார்கள், ரீலோட் போடுவார்கள். கடைச் சுவரில் பெரிய சிவப்பு எழுத்தில், 052 என்று தொடங்கும் கடையின் தொலைபேசி இலக்கம் எழுதப்பட்டிருந்தது. 2008 யூனில் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போன என் அக்காவுக்கு, ஏழு மாதம் கழித்து ஞாபகத்தில் இருந்த ஒரே இலக்கம் அதுதான். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸுக்காக நின்று பார்த்துப் பார்த்து மனதில் பதிந்த இலக்கம்.

அக்கா போனபோது கையில் ஒரு பட்டன் போன் இருந்தது. அப்பா சீட்டுக் காசு எடுத்து வாங்கிக் கொடுத்தது. எங்கள் இலக்கங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. போன அன்று இரவே, "இங்கே போன் தேவையில்லை" என்று சொல்லி வீட்டுக்கார அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். அதோடு இலக்கங்களும் போயின. பக்கத்து வீட்டில் சாரதியாக இருந்த மட்டக்களப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர், குப்பை போட வெளியே வரும்போது தன் போனை ஒரு நிமிடம் கொடுப்பார். அக்கா 052 என்று தொடங்கி அடிப்பாள். அரபியில் ஏதோ குரல் வரும், வெட்டுப்படும். இப்படியே மூன்று வாரம். பிறகுதான் அவர் கவனித்துச் சொன்னாராம்: "அக்கா, முன்னால இருக்கிற பூச்சியத்த விட்டுட்டு 0094 போட்டு அடிங்க."

2009 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்காரர் போனை எடுத்தார். "மொதலாளி, நான் மேல் லயத்துப் புள்ள பேசுறேன். எங்கப்பாவ கொஞ்சம் கூப்பிட்டு விடுவீங்களா?" அவ்வளவுதான் அக்கா சொன்னது. கடைக்காரர் ஆள் அனுப்பி, அப்பா மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் கோல் முடிந்து ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. அப்பா கடை பூட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வெள்ளிதான் பேச முடிந்தது.

அதே ஜனவரியில் எங்கள் வீட்டில் இன்னொரு மௌனமும் இருந்தது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் பெரியம்மா குடும்பமும் ஒன்று. கிளிநொச்சியில் இருந்தார்கள். 2008 பிற்பகுதியிலிருந்து அவர்களோடு தொடர்பு இல்லை. 2009 யூனில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்த பிறகுதான் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்தது. தொடர்பு அறுந்துபோனால் ஒரு வீடு எப்படியிருக்கும் என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஏன் இதையெல்லாம் முதலில் சொல்கிறேன் என்றால், வெளிநாடு போக இருப்பவர்கள் என்னிடம் வந்து கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "குறைஞ்ச வெலையில எந்தப் போன் நல்லது?" கந்தப்பளை, பார்க், கொன்கோர்டியா, கோர்ட்லொட்ஜ், இராகலைப் பக்கம் எங்கும் இதே கேள்விதான். 2024இல் மட்டும் இந்த நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். அவர்களில் தோட்டத்துப் பெண்களும் வன்னியின் பெண்களும் நிறையப் பேர். என்ன போன் என்பதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்தப் போன் இல்லாமல் போகும் நாளில் என்ன செய்வது என்பதற்குத்தான் நேரம் வேண்டும்.

எந்தப் போன்

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 30,000 ரூபாவை ஒட்டிய ஒரு டச் போன் என்றால் அந்தச் சம்பளத்தில் 22 நாள் கொழுந்து. 2022இல் ரூபா சரிந்தபோது, டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை போனது. அதோடு ஏறிய போன் விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. ஆகவே விலை உயர்ந்ததை வாங்கச் சொல்ல மாட்டேன். அதுவும் போனுக்காக நுண்கடன் எடுப்பதை வேண்டவே வேண்டாம் என்பேன். போன ஆள் முதல் சம்பளம் வாங்குவதற்குள் கிழமைக் கட்டணக்காரர் லயத்து வாசலில் நிற்பார்.

என் கருத்து: ஒரு நடுத்தர டச் போன், கூடவே ஒரு மலிவான பட்டன் போன். இரண்டும் சேர்ந்து ஒரு விலை உயர்ந்த போனை விடக் குறைவாகவே வரும்.

டச் போனில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். இரண்டு சிம் போட இடம் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 4ஜி, அதிலும் 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கும் வோல்ட்டி வசதி இருக்க வேண்டும். 4 ஜீபி ரெம், 64 ஜீபி சேமிப்பு இருந்தால் இரண்டு மூன்று வருடம் ஓடும். 5,000 எம்ஏஎச் பற்றரி. கெமராவைப் பற்றிக் கடைக்காரர் எவ்வளவு பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சம்சுங், ரெட்மி, சில சீனக் கம்பனிகள் எல்லாவற்றிலும் இந்த அளவில் போன் உண்டு.

பழைய போனைக் கொண்டுபோகிறவர்கள் அதன் அன்ட்ரொய்ட் பதிப்பைப் பார்க்க வேண்டும். 2025இலிருந்து 5.0க்குக் குறைந்த அன்ட்ரொய்டில் வட்ஸ்அப் வேலை செய்வதில்லை. வீட்டில் கிடந்த மாமாவின் போனைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய், அங்கே இறங்கிய பிறகு இது தெரியவந்தால் யாரிடம் சொல்வது?

பட்டன் போன் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. 2ஜி மட்டும் உள்ள பழைய பட்டன் போன் சில நாடுகளில் வெறும் மின்சூள்தான். சிங்கப்பூர் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை நிறுத்திவிட்டது. 2024இல் 3ஜியையும் நிறுத்தியது. ஐக்கிய அரபு இராச்சியம் 2ஜி மட்டும் உள்ள போன்களின் விற்பனையை 2022 நடுப்பகுதியோடு முடித்து, 2ஜி சேவையையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆகவே 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். நொக்கியா 105, 110, 225 ஆகியவற்றில் 4ஜி என்று தனியாக வருவது உண்டு; பெட்டியில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் 2ஜியும் உண்டு, 4ஜியும் உண்டு.

இதைச் சூட்கேசின் அடியில், உடுப்புக்குள், சார்ஜ் ஏற்றி அணைத்து வையுங்கள். கையில் இருக்கும் டச் போன் உடைந்தாலோ, திருட்டுப் போனாலோ, யாராவது வாங்கி வைத்துக்கொண்டாலோ இது இருக்கும்.

எந்தப் போனாக இருந்தாலும் காசு கொடுக்கும் முன் *#06# அடியுங்கள். 15 இலக்கம் வரும், அதுதான் ஐஎம்இஐ. கையிலுள்ள இன்னொரு போனில் ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் அடித்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ள போனா என்று பதில் வரும். செக்கன்ட் ஹேன்ட் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் வாங்கவே கூடாது. பிறகு, அந்த இலக்கத்தை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்து முறைப்பாடு செய்யும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொன்று. யாரும் சொல்லித் தராத, ஆனால் நான் அதிகமாகப் பார்த்த பிரச்சினை இதுதான். புதுப் போன் வாங்கினால் கடையில் இருக்கும் தம்பி அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் ஜிமெயில் கணக்கு ஒன்றைத் திறந்து, கடவுச்சொல் ஒன்று போட்டு, போனை ஓடவிட்டுக் கொடுத்துவிடுவார். யாருக்கும் அது என்னவென்று தெரியாது. போன் ஒருநாள் பூட்டுப்பட்டு, முழுதாக அழித்துத் திறக்கப் பார்த்தால், அன்ட்ரொய்ட் அந்தப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுக்காவிட்டால் போன் திறக்காது. கள்ளனைத் தடுக்கச் செய்த பூட்டு அது. எங்கள் ஆட்களைத்தான் அதிகம் தடுக்கிறது. கடையிலேயே நின்று, உங்கள் பெயரில், நீங்கள் சொல்லும் கடவுச்சொல்லோடு கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். அதை வீட்டில் ஒருவர் எழுதி வைத்திருக்கட்டும்.

சிம் யார் பெயரில்

போனை விடப் பெரிய விடயம் சிம். முதலாவது, இப்போது கையில் இருக்கும் இலங்கைச் சிம் யார் பெயரில் இருக்கிறது? தோட்டப் பக்கத்தில் சிம்கள் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும் என்பது என் அனுபவம். திருவிழாவில் குடை விரித்து இலவசமாகக் கொடுத்த சிம், அடையாள அட்டை இல்லாத காலத்தில் சித்தப்பாவின் அட்டையைக் காட்டி எடுத்த சிம். தொலைந்தால் அதே இலக்கத்தில் மறு சிம் எடுக்க, பெயர் உள்ளவர் அடையாள அட்டையோடு போக வேண்டும். போவதற்கு முன் நுவரெலியா டவுனுக்கு இறங்கி, உங்கள் கம்பனியின் கிளையில் அடையாள அட்டையைக் காட்டி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் செலவாகும், பரவாயில்லை.

இந்த இலக்கத்தை விட்டுவிடக் கூடாது. வங்கியின் எஸ்எம்எஸ், ஒருமுறைக் கடவு இலக்கம், வட்ஸ்அப் எல்லாம் இதில்தான். போகும் முன்பே ரோமிங் வசதியைத் திறந்து விடுங்கள். அங்கே போன பிறகு திறப்பது சிரமம். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வந்து சேர்வதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் டேட்டா ரோமிங்கை விமானம் ஏறும் முன் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்ட ரீலோட் முழுவதும் இறங்கிய அரை மணித்தியாலத்தில் கரைந்துவிடும். நீண்ட நாள் ரீலோட் போடாத பிரீபெய்ட் சிம்மைக் கம்பனி வெட்டிவிடும், பிறகு அந்த இலக்கம் வேறு யாருக்காவது போகும். ஆகவே மாதம் ஒருமுறை சின்ன ரீலோட் ஒன்றைப் போடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

வட்ஸ்அப்பை இலங்கை இலக்கத்திலேயே வைத்திருங்கள். அங்கே புதுச் சிம் போட்டாலும் வட்ஸ்அப் இலக்கத்தை மாற்றத் தேவையில்லை. பழைய இலக்கத்திலேயே ஓடும். வீட்டுக்காரர் கொடுத்த சிம்மில் வட்ஸ்அப்பைத் திறந்தால், அந்த வீட்டை விட்டு வெளியேறும் நாளில் சிம்மும் போகும், வட்ஸ்அப்பும் போகும். இரட்டைச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்க இரகசிய எண் ஒன்று வைக்கலாம். வைத்து, வீட்டிலும் சொல்லி வையுங்கள். 120 நாட்கள் தொடர்ந்து பாவிக்காத கணக்கைப் பொதுவாக வட்ஸ்அப் அழித்துவிடும் என்பதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். போன் பறிபோன ஒருவருக்கு நான்கு மாதம் பெரிய காலம் அல்ல.

அங்கே எடுக்கும் சிம்மைப் பற்றி: வளைகுடா நாடுகளில் அடையாள ஆவணம் இல்லாமல் சிம் இல்லை. சவூதியில் 2016இலிருந்து கைவிரல் அடையாளமும் வைக்க வேண்டும். வதிவிட அட்டை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அது வரை பலருக்கு வீட்டுக்காரர் தன் பெயரில் எடுத்த சிம்தான் கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஊரில் உள்ளவர்கள் பதறிப் போகிறார்கள். அப்போது ரோமிங்கில் உள்ள இலங்கைச் சிம்மிலிருந்து "வந்து சேர்ந்தேன்" என்று ஒரு எஸ்எம்எஸ் போதும். அட்டை வந்ததும் முதல் விடுமுறை நாளில் உங்கள் பெயரில் சிம் எடுத்துவிடுங்கள்.

ஈசிம் என்று இப்போது விளம்பரம் வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது நல்லது. மலிவான போன்கள் பலவற்றில் அது கிடையாது. அதைவிட, சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட முடியாது என்பது எங்கள் நிலைமைக்குப் பொருந்தாது.

எந்த நாட்டில் எது வேலை செய்யும்

என் அக்காவின் மகள் 2025 மார்ச்சில் ஐக்கிய அரபு இராச்சியத்துக்குப் போனாள். இறங்கிய அன்று வட்ஸ்அப்பில் கோல் எடுத்தால் ரிங் போகிறது, எடுத்தால் சத்தமில்லை. அக்கா அழத் தொடங்கிவிட்டாள். பழைய நினைவு.

விடயம் வேறு ஒன்றுமில்லை. அந்த நாட்டில் வட்ஸ்அப்பின் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துச் செய்தி, படம், குரல் பதிவு இவையெல்லாம் தடையின்றிப் போகும், வரும். நேரடி அழைப்புக்கு பொட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் உண்டு. 2018 தொடக்கத்தில் இதற்காக மாதம் 50 திர்ஹம் பொதி ஒன்றை அங்குள்ள கம்பனிகள் கொண்டுவந்தன. இப்போதைய விலையை அங்கே கேட்டு அறிய வேண்டும். ஊரில் இருப்பவரின் போனிலும் அதே செயலி இருக்க வேண்டும் என்பதால், போகும் முன்பே அப்பா அம்மாவின் போனில் போட்டு, எப்படி எடுப்பது என்று பழக்கிவிட்டுப் போங்கள்.

தடையைச் சுற்றிப் போக வீபிஎன் போடலாம் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். அங்குள்ள 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டத்தில், முகவரியை மறைத்துக் குற்றம் செய்வதற்கும் அதை மறைப்பதற்கும் 5 இலட்சத்திலிருந்து 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதம் இருக்கிறது. வீட்டுக்குப் பேசிய எல்லோரையும் பிடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரரோடு ஒரு பிரச்சினை வரும் நாளில், உங்கள் போனில் அது இருப்பது உங்களுக்கு எதிராகப் போகலாம்.

சவூதி 2017 செப்டெம்பரில் இணைய அழைப்புகள் மீதான பொதுத் தடையை நீக்கியது. எனினும் எல்லாச் செயலியும் உடனே திறக்கவில்லை. குவைத்தில் வட்ஸ்அப் அழைப்பு எடுக்கலாம். ஓமானிலும் கட்டாரிலும் தடை இருந்து வந்திருக்கிறது, இடையிடையே மாறியும் வந்திருக்கிறது. அதனால் ஒன்றை மட்டும் நம்பிப் போகாமல், வட்ஸ்அப், ஐமோ, பொட்டிம் மூன்றையும் போட்டுக்கொண்டு போவது நல்லது. ஸ்கைப் என்று இன்னும் சில ஏஜென்சிக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 2025 மே 5ஆம் திகதியோடு மூடப்பட்டுவிட்டது.

எந்த நாடாக இருந்தாலும் நம்பிக்கையானது குரல் பதிவுதான். டேட்டா மிகக் குறைவு. எங்கள் அம்மாமாருக்கு எழுத வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. லயத்தில் சிக்னல் இல்லாத நேரத்தில் அனுப்பினாலும், பெரட்டுக் களத்துக்குப் போகும்போது வந்து சேரும். அங்கே இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து பேசியதை, இங்கே விடிந்து தேநீர் குடிக்கும்போது கேட்கலாம். அக்கா மகள் இப்போது கோல் எடுப்பதே குறைவு. தினமும் இரண்டு நிமிடப் பதிவு வரும். அக்கா அதை மூன்று தரம் கேட்பாள்.

போன் கையில் இல்லாத நாளுக்கு

மூன்று இலக்கங்களையாவது மனப்பாடம் செய்யுங்கள். வீட்டில் ஒன்று, டவுனில் எப்போதும் போன் எடுக்கும் ஒருவருடையது ஒன்று, போகும் நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் இலக்கம் ஒன்று. வீட்டு இலக்கங்களை 0 இல்லாமல், 0094 சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது போல வீட்டில் தினமும் சொல்ல வையுங்கள். போனிலும் எல்லா இலக்கங்களையும் +94 என்றே சேமியுங்கள். அதோடு, துணியில் எழுதி உள்பாவாடை மடிப்பில் தைத்துக்கொண்டு போன பெண்களை எனக்குத் தெரியும். சிரிக்க வேண்டாம், அது உதவியது.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கம் இலங்கைக்குள் அழைப்பதற்கானது. வெளிநாட்டிலிருந்து இப்படிக் குறுகிய இலக்கத்தை அடித்து ஊரைப் பிடிக்க முடியாது. ஆகவே பிரச்சினை என்று தெரிந்தவுடன் 1989க்கு அழைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டு இலக்கம், பணியகத்தில் பதிந்த விபரம், ஏஜென்சியின் பெயரும் அனுமதி இலக்கமும், வேலை செய்யும் வீட்டின் முகவரி. இந்த ஆவணங்கள் எல்லாவற்றையும் போவதற்கு முன் படம் எடுத்து வீட்டுப் போன் ஒன்றில் வையுங்கள். ஒரு போட்டோ கொப்பியும் எடுங்கள். வீட்டின் முகவரிதான் கடைசி வரை யாருக்கும் தெரியாமல் இருக்கும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் வட்ஸ்அப்பில் இருப்பிடத்தை ஒருமுறை அனுப்பிவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது. அக்கா ஏழு மாதம் பேசாமல் இருந்தபோது, அவள் குவைத்தில் எந்தப் பகுதியில் இருக்கிறாள் என்பதைக்கூட எங்களால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

உயிர் ஆபத்து என்றால் அந்த நாட்டுப் பொலிஸ்தான். ஐக்கிய அரபு இராச்சியத்திலும் கட்டாரிலும் 999, குவைத்தில் 112. சவூதியில் 999, சில மாகாணங்களில் 911.

குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம், பணியாளரின் சம்மதமில்லாமல் கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. நடைமுறை எப்படி என்பது போனவர்களுக்குத் தெரியும். போனும் அப்படித்தான். வேலை நேரத்தில் போன் பாவிக்காதே என்று சொல்வது ஒன்று, முழுதாகப் பறித்து வைப்பது வேறொன்று. ஒப்பந்தம் எழுதும்போதே, போன் என் கையில் இருக்குமா, கிழமையில் எத்தனை நாள் வீட்டுக்குப் பேசலாம் என்று ஏஜென்சிக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பக்கத்தில் வீட்டார் ஒருவர் சாட்சியாக இருக்கட்டும். கேட்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது பயப்படுவார்கள்.

வீட்டாரோடு ஒரு அடையாளப் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க, ஸ்பீக்கரில் போட்டு, "சந்தோசமா இருக்கேன்னு சொல்லு" என்று பேச வைப்பது நடக்கிறது. அக்கா மகளுக்கு நாங்கள் வைத்த அடையாளம், லீக்ஸ் என்ன விலை என்று அவள் கேட்பது. கந்தப்பளைக்காரி லீக்ஸ் விலை கேட்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அவள் கேட்டால் நாங்கள் மறுநாளே 1989க்கு அழைக்க வேண்டும். இதுவரை கேட்கவில்லை.

போனுக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வேலை செய்யும் வீட்டாரை, அவர்களின் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம், டிக்டொக்கில் போடவே வேண்டாம். அனுமதியில்லாமல் படம் எடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். சம்பளம் கேட்டுச் சண்டை வரும்போது இந்தப் படங்களைத்தான் முதலில் தேடுவார்கள். வடக்கு கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேஸ்புக் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தமிழ் இளைஞர்கள் கைதான நாடு இது. நினைவுகூர்வது யாருடைய உரிமையும்தான். ஆனால் வேறொருவர் வீட்டில், வேறொருவர் திறந்து பார்க்கக்கூடிய போனில், எதை வைத்திருப்பது என்று போகும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

படங்களைப் பற்றிச் சொல்லும்போது பெரியம்மாவின் மகள் நினைவுக்கு வருகிறாள். யுத்தம் முடிந்து சில வருடங்களில் அவள் சவூதி போனாள். 2009இல் காணாமல்போன தம்பியின் படம் அவளுடைய போனில் மட்டும்தான் இருந்தது. இடம்பெயர்ந்ததில் அல்பம் எல்லாம் போய்விட்டது. யாரோ ஒரு சினேகிதன் வைத்திருந்ததை வாங்கிப் போனில் போட்டிருந்தாள். அங்கே போன் பூட்டுப்பட்டு, கடையில் அழித்துத்தான் திறந்தார்கள். இப்போது குடும்பத்திடம் இருப்பது, முறைப்பாட்டு விண்ணப்பத்தோடு இணைத்திருந்த படத்தின் போட்டோ கொப்பி. முகம் கறுப்பாக விழுந்த கொப்பி. உங்கள் போனில் அப்படி ஒரு படம் இருந்தால், போவதற்கு முன் ஸ்டூடியோவில் இரண்டு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். ஒரு பிரதி நூறு, இருநூறு ரூபாவுக்குள் முடியும் வேலை.

ஊரில் இருக்கும் போன்

எல்லோரும் போகிறவரின் போனைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மறுபக்கம் அறுந்தது. நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு, மின்சாரம் இல்லை, பல இடங்களில் சிக்னலும் இல்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள் செய்தியில் மலை சரிவதைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் பேச முடியாமல் இருந்தார்கள். அக்கா மகள் அனுப்பிய குரல் பதிவுகள் இரண்டு நாள் கழித்து ஒரேயடியாக வந்து விழுந்தன, இருபதுக்கு மேல்.

அதன் பிறகு வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். வீட்டில் இரண்டு கம்பனிச் சிம் இருக்கிறது. ஒன்றின் கோபுரம் விழுந்தாலும் மற்றது இருக்கலாம். ஒரு பவர் பேங்க் எப்போதும் சார்ஜோடு இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் அழைக்க, கொழும்பில் இருக்கும் உறவினர் ஒருவரின் இலக்கமும் கொடுத்திருக்கிறோம். ஊரில் எதுவும் நடந்தால் அவர் இரண்டு பக்கமும் சேதி சொல்வார். வன்னியில் இருப்பவர்கள் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவரை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வருகிறவர்கள் வீட்டுக்கு ஒரு போன் கொண்டுவருவது வழக்கம். பதிவில்லாத கருவிகள் 2025 ஜனவரி இறுதிக்குப் பின் இலங்கை வலையமைப்பில் புதிதாக இணைக்கப்படமாட்டா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்திருந்தது. கொண்டுவரும் போனைப் பதிவது எப்படி என்று வாங்கும் முன்பே ஆணைக்குழுவிடமோ உங்கள் சிம் கம்பனியிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டை வீசிவிடாதீர்கள். அக்கா மகள் தாத்தாவுக்கு ஒரு டச் போன் வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். பட்டன் போன்தான் அவருக்குச் சரி. காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாக ரிங் அடிக்கிற 4ஜி போனாகப் பார்த்து நுவரெலியாவில் வாங்கிக் கொடுத்தேன். அதில் முதலாவதாகப் பதிந்திருப்பது பேத்தியின் இலக்கம். எப்படி அடிப்பது என்று அவருக்குத் தெரியாது. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போகும்படி வைத்திருக்கிறேன்.